நின்று ஓட்டும் வண்டியும் நிமிர்ந்து நிற்கும் தொழிலாளியும்

(பண்ருட்டியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில், கிடங்குத் தொழிலாளித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



போர்க்லிப்ட் வண்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த கைகளும், கரும்பு வெட்டிக் காய்த்த கைகளும், ஷிப்டு முடித்து நேரே வந்த கைகளும் இந்தக் கொட்டகையில் நிறைந்திருக்கின்றன. "நமக்கும் அந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. ஞாயிற்றுக்கிழமை இரவு நம் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். தோளில் ஒரு பையோடு சென்னைப் பக்கம் பஸ் ஏறுகிற இளைஞர்களில் எத்தனை பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்! ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். அங்கே நம் ஊர்ப் பனைமரம் போல் உயர்ந்த இரும்பு அடுக்குகள் கொண்ட கிடங்குகள் இருக்கின்றன. "என்ன வேலையப்பா?" என்று தாய் கேட்டால், "கிடங்கில் வண்டி ஓட்டுகிறேன் அம்மா" என்கிறான். என்ன வண்டி, அதில் என்ன ஆபத்து என்று தாய்க்குத் தெரியாது. பல நேரங்களில் பிள்ளைக்கும் தெரியாது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு விபத்து என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. அன்றே ஆறு பேர் மாண்டார்கள். பிறகு மருத்துவமனையில் மேலும் பலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 2021 மே 13 அன்று, கடலூர் சிப்காட்டில் இன்னொரு கொதிகலன் விபத்து, நால்வர் உயிரிழந்தார்கள். கொதிகலன் வெடித்தால் ஊரே கேட்கும். ஆனால் கிடங்கின் சந்து ஒன்றில் ஒரு வண்டி ஓட்டியின் நெஞ்சு நசுங்கினால் அடுத்த சந்தில் இருப்பவனுக்கே கேட்காது. ஆகவேதான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

யந்திரம் எதிரியல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். நான் யந்திரத்தைத் திட்டுவதற்கு வரவில்லை. மூட்டை சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். நாற்பது வயதிலேயே முதுகு வளைந்து போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சுமையை இரும்பு சுமக்கட்டும் என்பதே நம் ஆசை. சுமை தூக்கும் வண்டி 1917 வாக்கில் அமெரிக்காவில் ஓர் ஆலைக்குள் பொருள்களை நகர்த்துவதற்காகச் செய்யப்பட்ட சிறு வண்டியிலிருந்து வளர்ந்தது. மனிதனின் மூளை கண்ட நல்ல கண்டுபிடிப்பு அது. அது யார் லாபத்துக்காக ஓடுகிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, அந்த வேகத்தை முடிவு செய்வது யார் என்பதுதான் நம் கேள்வி.

வண்டி எப்படி இருக்கும்?

போர்க்லிப்டில் பல வகை உண்டு. உட்கார்ந்து ஓட்டுவது ஒன்று. அதன் பின்புறத்தில் கனமான இரும்புப் பாளம் இருக்கும். முன்னால் தூக்கும் சரக்குக்கு அது எதிர் எடை. இன்னொன்று நின்றபடி ஓட்டுவது. கிடங்கில் அதை ரீச் டிரக் என்பார்கள். பாட்டரியில் ஓடும். முன்னால் இரண்டு இரும்புக் கைகள். அவற்றுக்கு போர்க் என்று பெயர். அந்தக் கைகள் முன்னே நீண்டு, சரக்கு அடுக்கிய பலகையை ரேக்கிலிருந்து பற்றி, பின்னே இழுத்துக் கொள்ளும். ஓட்டுபவர் வண்டியின் பின்பகுதியில் ஒரு சிறு கூட்டுக்குள் நிற்பார். ஏறி இறங்குவதற்காகப் பெரும்பாலும் பின்புறம் திறந்தே இருக்கும்.

ஏன் நிற்க வைத்தார்கள்? இடம் மிச்சம். உட்கார்ந்து ஓட்டும் வண்டி திரும்ப அகலமான பாதை வேண்டும். நின்று ஓட்டும் வண்டிக்குக் குறுகிய சந்து போதும். சந்து குறுகினால் ரேக் கூடும். ரேக் கூடினால் சரக்கு கூடும். சரக்கு கூடினால் லாபம் கூடும். இதில் தவறில்லை என்று வைத்துக் கொள்வோம். ஆனால் சந்து குறுகும்போது ஓட்டுபவரின் உடம்புக்கும் ரேக்கின் இரும்புக்கும் உள்ள இடைவெளியும் குறுகுகிறது.

மூன்று விஷயங்களை ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும்: பாரம், உடம்பு, வழி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பின்பாரம் ஆனால் என்ன நடக்கும்? நுகத்தடி மேலே எழும்பும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அதே மூட்டைகளை முன்னே நகர்த்தி அடுக்கினால் வண்டி நேராகும். மூட்டையின் எண்ணிக்கை மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியது. போர்க்லிப்டின் சாஸ்திரமும் இதுதான்.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். உதாரணமாக 1500 கிலோ, 600 மில்லிமீட்டர் என்று இருக்கும். "1500 கிலோ வரை தூக்கலாம்" என்று படித்து விட்டுப் போனால் அரைப் பாடம்தான் படித்ததாகும். போர்க்கின் அடிப்பகுதியிலிருந்து சரக்கின் நடுமையம் 600 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் 1500 கிலோ. சரக்கு நீளமாக இருந்து அதன் மையம் 900 மில்லிமீட்டருக்குத் தள்ளிப் போனால், அதே வண்டி அந்த எடையைத் தாங்காது. உயரத்தில் தூக்கும்போது தாங்கும் எடை இன்னும் குறையும். எந்த உயரத்தில் எவ்வளவு என்பதும் தகட்டில் இருக்க வேண்டும்.

சரக்கின் எடை தெரியாவிட்டால் தகடு இருந்தும் பயனில்லை. 1929ஆம் ஆண்டிலேயே சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம், கப்பலில் ஏற்றும் 1000 கிலோவும் அதற்கு மேலும் கனமுள்ள சிப்பங்களின் மேல் எடையைக் குறிக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் கொண்டு வந்தது. கனமான சிப்பங்களுக்கு எடை குறிக்க 1951இல் நம் நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. துறைமுகத் தொழிலாளியின் உயிரைக் காக்க வந்த அந்த நியாயம் கிடங்குத் தொழிலாளிக்கும் பொருந்தாதா? "எடை எழுதாத சரக்கைத் தூக்க மாட்டோம்" என்று சொல்வது அடாவடி அல்ல. நூற்றாண்டை நெருங்கும் நியாயம் அது.

இன்னும் இரண்டு விதிகள். சரக்கைத் தூக்கிய நிலையில் ஓட்டாதே. தரையை ஒட்டித் தாழ்த்தி, பின் ஓட்டு. உயரத்தில் சரக்கோடு வேகமாகத் திருப்பாதே. வண்டி கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான். மூன்றாவதாக ஒன்று, இதற்கு விலக்கே கிடையாது: வெறும் போர்க்கின் மேலோ, பலகையின் மேலோ ஆளை நிறுத்தித் தூக்காதே. "ஒரு நிமிஷ வேலைதானே, ஏறிக்கொள்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் விழுந்தவன் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரும்.

உடம்பு

நின்று ஓட்டும் வண்டியில் ஒரு மிதி இருக்கும். கால் அதன் மேல் இருந்தால்தான் வண்டி ஓடும்; காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும். ஓட்டுபவர் மயங்கினாலும் இறங்கினாலும் வண்டி தானாக ஓடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. கால் வலிக்கிறது என்று அதன் மேல் கட்டையையோ செங்கல்லையோ வைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்வது காவலாளியைக் கட்டிப் போட்டு விட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும். கால் வலிக்கிறது என்றால் ஓய்வு கேட்போம். அது நம் உரிமை.

கை, கால், தலை எல்லாம் கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த வண்டியைத் திருப்புவது பின் சக்கரம். ஆகவே திருப்பும்போது வால் வீசும். வெளியே நீட்டிய கால் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கினால் எலும்பு மிஞ்சாது.

வண்டி கவிழத் தொடங்கினால் என்ன செய்வது? இதை நன்றாகக் கேட்டு, உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் குதிக்கவே கூடாது. பெல்ட் போட்டபடி உள்ளேயே இருந்து, கைகளால் இறுகப் பிடித்துக் கொண்டு, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். குதித்தவர் மேல்தான் வண்டியின் கூரை விழும். ஆனால் பின்புறம் திறந்திருக்கும் நின்று ஓட்டும் வண்டியில் விதி நேர்மாறு: பின்னோக்கி அடி வைத்து இறங்கி விலகிவிட வேண்டும். ஒரு வண்டியில் பழகிய கையை, பயிற்சி தராமல், "இதுவும் வண்டிதானே" என்று மறு வண்டியில் ஏற்றுகிறார்களே, அங்கேதான் உயிர் போகிறது. ஆபத்து நேரத்தில் மனிதன் யோசிப்பதில்லை, பழகியதைச் செய்கிறான்.

வழி

இனி நான் சொல்லப் போவது நானே அனுபவித்தது. கிடங்கின் பெயர் வேண்டாம். எல்லாக் கிடங்கிலும் நடக்கக் கூடியது.

இரவு ஷிப்டு. பத்தாவது மணி நேரம். காலைக்குள் இத்தனை பலகைகள் லாரி ஏற வேண்டும் என்று சுவரில் எண் எழுதியிருந்தது. நான் சரக்கை இறக்கி விட்டு, நான் நிற்கும் பக்கமாகவே வண்டியைப் பின்னே விட்டேன். கண் சரக்கின் மேல் இருந்தது. என் முதுகுப் பக்கம் ரேக். அதன் குறுக்குச் சட்டம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வண்டியின் உடல் அந்தச் சட்டத்தின் கீழே நுழைந்து விட்டது. "அண்ணே!" என்று கீழே நின்ற பையன் ஒருவன் கத்தினான். காலை எடுத்தேன். வண்டி நின்றபோது சட்டத்துக்கும் எனக்கும் நான்கு விரற்கடை இருந்தது.

தோழர்களே, நின்று ஓட்டும் வண்டிக்கே உரிய ஆபத்து இது. வண்டியின் உடல் தாழ்வு, ரேக்கின் சட்டம் உயரம், நடுவே மனிதனின் நெஞ்சு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு இலாகா 2009இல் இதற்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டது. பரிகாரமும் உண்டு. போகும் திசையைப் பார்த்து, மெல்ல ஓட்டுவது ஓட்டுபவரின் கடமை. ஆனால் அது மட்டும் போதாது. வண்டியின் பின்புறம் உறுதியான தூண் வைத்தால் சட்டம் உள்ளே நுழையாது. ரேக்கின் அடியில் தாழ்வாக ஒரு சட்டம் போட்டால், அது மனிதனைத் தொடுவதற்கு முன்பே வண்டியின் உடலைத் தடுத்து நிறுத்தும்.

எங்கள் கிடங்கில் அந்தத் தாழ்ந்த சட்டம் முன்பு இருந்தது. ஒரு நாள் வண்டி மோதி வளைந்தது. கழற்றினார்கள். திரும்பப் போடவில்லை. "அடுத்த மாதம்" என்றார்கள். எத்தனையோ மாதங்கள் போயின. அன்று இரவு மேஸ்திரி ஓடி வந்தார். "அடி பட்டதா?" என்று கேட்கவில்லை. "இன்னும் எத்தனை பலகை பாக்கி?" என்றார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அதில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு.

யாருடைய கவனக்குறைவு? பத்து மணி நேரம் நின்று கண் அசந்தவனுடையதா? வளைந்த சட்டத்தை மாற்றாமல் விட்டவர்களுடையதா? சுவரில் எண் எழுதியவர்களுடையதா? கவனமாக இருப்பது நம் கடமை. அதை நான் மறுக்கவில்லை. தவறு செய்த தோழனைத் தட்டிக் கேட்போம், திருத்துவோம். ஆனால் களைத்த மனிதனின் ஒரு நொடித் தவறு மரணமாக மாறாமல் தடுப்பது இரும்புத் தூணும், தாழ்ந்த சட்டமும், நியாயமான வேலை நேரமும்தான். அவற்றைக் கொடுக்க வேண்டியது நிர்வாகம்.

நடந்து போகிறவர்

ஓட்டுபவர் மட்டுமே ஆபத்தில் இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை போர்க்லிப்ட் விபத்துகளில் 1,021 தொழிலாளர்கள் மாண்டதாக அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்தது. அவர்களில் நூற்றுக்கு 22 பேர் வண்டி கவிழ்ந்து மாண்டவர்கள். நூற்றுக்கு 20 பேர் நடந்து போகும்போது வண்டி மோதி மாண்டவர்கள். ஐந்தில் ஒருவர்! பெருக்குகிற அம்மாவும், கட்டு எண்ணுகிற பையனும், லாரி கிளீனரும் அந்த ஐந்தில் ஒருவர் ஆகலாம். ஆகவே நடைபாதைக்குத் தனிக் கோடு வேண்டும். முக்கில் ஆரன் அடிக்க வேண்டும். தூக்கிய சரக்கின் கீழே யாரும் நிற்கக் கூடாது. ஓட்டுபவர் உங்களைப் பார்த்து விட்டார் என்று உறுதியான பிறகே குறுக்கே போக வேண்டும்.

லாரிக்குள் வண்டி ஏறுவதற்கு முன் லாரிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண்ருட்டியில் பலா ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் இடத்தில் பீடி கூடாது. அங்கே எழும் வாயு தீப்பற்றக் கூடியது, காற்றோட்டமும் அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

டூவீலர் ஓட்டவே ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலைக்குள்ளோ மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டுமே ஓடுவதற்காக அமைந்த வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி விட்டது. அப்படியானால் அந்த வண்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு யாருடையது? முழுக்க முழுக்க முதலாளியுடையது. கான்ட்ராக்டர் கொண்டு வந்த ஆள் என்று கை கழுவ முடியாது.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், பாரம் தூக்கும் யந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. போபால் கொடுமைக்குப் பின் 1987இல் செய்த திருத்தம், தகவலும் பயிற்சியும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று எழுதி வைத்தது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டு வந்து, பழைய சட்டத்தின் இடத்தில் வைத்தது. மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 20 பேர் வேண்டும் என்கிறது புதியது. பதினைந்து பேர் வேலை செய்யும் முந்திரி ஷெட்டு தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போய் விடுகிறது. இதை நாம் எதிர்க்கிறோம்.

எதிர்க்கும் சட்டத்திலும் நமக்குப் பயன்படும் பிரிவை விட்டு விடக் கூடாது. அதன் 14ஆம் பிரிவைப் பாருங்கள். பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். நகல் வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் கையெழுத்து மெமோவாகத் திரும்பி வரும். நாற்பது பேர் கையெழுத்து பேச்சுவார்த்தை ஆகும்.

நம் கோரிக்கை

ஒன்று: ஓட்டுபவருக்குக் கூலியோடு பயிற்சி வேண்டும். வண்டி மாறினால் பயிற்சியும் மாற வேண்டும். இரண்டு: தகடும் எச்சரிக்கையும் தமிழில் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்களுக்கு அவர்கள் மொழியிலும் வேண்டும். "அண்ணே" என்று கத்தி என்னைக் காப்பாற்றிய பையன் வட நாட்டுப் பையன். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. மூன்று: ஷிப்டு தொடங்கும்போது பிரேக், ஆரன், சங்கிலி, போர்க், பாட்டரி ஆகியவற்றைச் சோதிக்கப் பத்து நிமிஷம் வேலை நேரத்திலேயே வேண்டும். கெட்ட வண்டியின் சாவியை எடுத்து வைக்க ஓட்டுபவருக்கு அதிகாரம் வேண்டும். நான்கு: பின் தூணும் தாழ்ந்த சட்டமும் கட்டாயம். ஐந்து: உயிர் தப்பிய சம்பவத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதியவருக்குத் தண்டனை கூடாது. ஆறு: பலகை எண்ணிக்கையை வைத்து ஓட்டுபவரை விரட்டக் கூடாது.

ஆகாத காரியம் என்பார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, எதிர்ப்பு வலுத்தது. பத்தே நாளில், மே தினத்தன்று, வாபஸ் என்று அறிவிக்க வேண்டி வந்தது. சேர்ந்து நின்றால் ஆகும்.

எங்கள் கிடங்கின் கதையை முடித்து விடுகிறேன். மெமோவுக்கு நான் தனியாகப் பதில் எழுதவில்லை. மூன்று ஷிப்டுத் தோழர்களும் சேர்ந்து, கழற்றிய சட்டம் எங்கே என்று எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. ஆனால் பதினோராம் நாள் காலை வெல்டிங் ஆள் வந்தான். தாழ்ந்த சட்டம் ரேக்கில் ஏறியது. என் மெமோ இன்னும் ரத்தாகவில்லை. அதற்கான போராட்டம் நடக்கிறது. ஆனால் எனக்குப் பின் அந்தச் சந்தில் வண்டி ஓட்டும் பிள்ளையின் நெஞ்சுக்கு ஒரு காவல் நிற்கிறது.

தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளை ஊருக்கு வரும்போது சோறு போட்டுக் கொண்டே மூன்று கேள்வி கேளுங்கள்: "உன் வண்டியின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? கவிழ்ந்தால் எந்தப் பக்கம் இறங்குவாய்? உங்கள் கிடங்கில் சங்கம் இருக்கிறதா?" மூன்றுக்கும் பதில் வரும் வரை விடாதீர்கள்.